மண்ணடி பில்லில் முளைத்த பேக்ஸ்லாஷ்

(புரோகிராம் எழுதும் இருவரின் உரையாடல்; பேசுபவர் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்)

தண்டையார்பேட்டை

மண்ணடியில் தகடு, பைப் விற்கும் ஒரு கடைக்கு பில்லிங் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுதியது பிஎச்பியில், பின்னால் டேட்டாபேஸாக போஸ்ட்கிரெஸ் 8.4. அங்கே சரக்கின் பெயரிலேயே அளவு வந்துவிடும்: 8' தகடு, 3/4" பைப். அந்தக் கோட் குறிகளுக்கு (' மற்றும் ") முன்னால் பிஎச்பியின் ஆட்ஸ்லாஷஸ் ஃபங்ஷன் மூலம் பேக்ஸ்லாஷ் (\) சேர்த்து, கொயரிக்குள், அதாவது டேட்டாபேஸுக்குப் போகும் கட்டளைக்குள், அப்படியே ஒட்டிவிடுவேன்.

வேலை நடந்தது. ஆனால் சர்வர் லாக் முழுக்க ஒரே வார்னிங்: பேக்ஸ்லாஷை இப்படிப் போடுவது தரநிலை இல்லை, ஸ்ட்ரிங்குக்கு (கோட்களுக்குள் வரும் எழுத்துத் தொடருக்கு) முன்னால் 'ஈ' (E) போட்டு எழுது என்று. லாக் ஊதிக்கொண்டே போனது. அந்த வார்னிங்கைத் தரும் எஸ்கேப்_ஸ்ட்ரிங்_வார்னிங் என்ற செட்டிங்கை ஆஃப் செய்துவிட்டேன். அது பெரிய தப்பு.

அப்புறம் சர்வர் 9.1-க்கு மாறியது. 2011-இல் வந்த அந்த வெர்ஷனிலிருந்து ஸ்டாண்டர்ட்_கன்ஃபார்மிங்_ஸ்ட்ரிங்ஸ் என்ற செட்டிங் தானாகவே ஆன். அதாவது, சாதாரண கோட்டுக்குள் பேக்ஸ்லாஷ் வெறும் ஓர் எழுத்து. காலையில் கடை திறந்ததும் முதல் 8' தகட்டிலேயே எரர். '8\' என்பதோடு ஸ்ட்ரிங் முடிந்துபோகிறது, மிச்சத்தை சர்வர் எஸ்கியூஎல் கட்டளை என்று படிக்கிறது. வாசலில் மீன்பாடி வண்டியில் சரக்கு ஏற்றியாகிவிட்டது, பில் வரவில்லை. "இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பாய் பழைய பில் புக்கை எடுத்துக் கையால் எழுத ஆரம்பித்தார்.

பைப் பில்கள் மட்டும் தடங்கலில்லாமல் போயின. மதியம் ஒன்றை எடுத்துப் பார்த்தால் 3/4\" பைப் என்று அச்சாகியிருக்கிறது. எரர் வந்ததைவிட இதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தப்பான டேட்டா சத்தமில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடை ஓட வேண்டுமே என்று அந்த டேட்டாபேஸுக்கு மட்டும் புதிய செட்டிங்கை ஆஃப் செய்தேன். கூடவே வார்னிங்கை மறுபடி ஆன் செய்தேன். லாக்_மின்_எரர்_ஸ்டேட்மென்ட் என்ற செட்டிங்கை வார்னிங் என்று வைத்தால் கொயரியும் லாகில் பதியும். எந்தெந்த இடத்தைத் திருத்த வேண்டும் என்று அந்த லாகே காட்டிக்கொடுத்தது. மூன்று ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் பிஎச்பியின் பிஜி_கொயரி_பராம்ஸ் ஃபங்ஷனுக்கு மாற்றினேன். கொயரியில் $1, $2 மட்டும் இருக்கும், மதிப்புகள் தனியாகப் போகும். 8' என்று அடித்தால் 8' என்றே சேர்கிறது.

ராயபுரம்

எங்கள் பக்கம் டி'குரூஸ், டி'சோசா என்று பெயர்கள் நிறைய. நான் வேலை பார்த்த கிளினிக்கில் அந்தக் கோட் வந்தால் ஸ்க்ரீன் நின்றுவிடும். ரிசப்ஷனில் இருந்த அக்கா கோட்டை விட்டுவிட்டு அடிக்கப் பழகிக்கொண்டார். ஒரே நோயாளிக்கு இரண்டு பெயரில் இரண்டு ஃபைல். வயதான ஒரு அம்மாவின் பழைய ரிப்போர்ட்டைத் தேடி அரை மணி நேரம் அவரை உட்கார வைத்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நான் எழுதியது சி புரோகிராம். அதைச் சரிசெய்ய, கோட்களைப் பாதுகாப்பாக மாற்றித் தரும் பழைய பிக்யூ-எஸ்கேப்-ஸ்ட்ரிங் ஃபங்ஷனைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன். அதற்குக் கனெக்‌ஷனின் செட்டிங் நேரடியாகத் தெரியாது. பெயரின் கடைசியில் 'கான்' சேர்ந்த புதியது கனெக்‌ஷனையே வாங்கிக்கொள்வதால், பேக்ஸ்லாஷை இரட்டிக்க வேண்டுமா என்று அதற்கே தெரியும். சரி, டேபிள் பெயர் மாறும் இடத்தில் $1 போட முடியவில்லையே, என்ன செய்தீர்கள்?

தண்டையார்பேட்டை

டேபிள், காலம் (column) பெயர்களுக்கு $1 வேலை செய்யாது. அனுமதித்த பெயர்களை புரோகிராமிலேயே ஒரு பட்டியலில் (அர்ரே) வைத்திருக்கிறேன். வருவது அதில் இல்லையென்றால் கொயரியே போகாது.