ஒஹாயோ ஆற்றங்கரையில் ஒரு சுவிஸ் ஊர்: வீவி போய் வந்தவர்கள் எழுதுங்கள்

சின்சினாட்டியில் இருந்து:

இந்தியானாவின் தென்கிழக்கு மூலையில், ஒஹாயோ ஆற்றை ஒட்டி வீவி என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. சுமார் 1,700 பேர்தான். அது இருக்கும் மாவட்டத்துக்கே சுவிட்சர்லாந்து கவுன்ட்டி என்று பெயர். ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் வெவே நகரத்தின் பெயரைத்தான் இந்த ஊருக்கு வைத்தார்கள். அந்தப் பக்கம் போய் வந்தவர்கள் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுங்கள். என் பங்கை முதலில் எழுதிவிடுகிறேன்.

நெடுஞ்சாலையில் போகாமல் அரோரா, ரைசிங் சன், பேட்ரியட் வழியாக ஆற்றோரச் சாலையில் போனோம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மரம் அடர்ந்த குன்று. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கிற வண்டல் நிலத்தில்தான் ஊர், வயல், சாலை எல்லாம். அந்தச் சரிவுகளைப் பார்த்ததும், திராட்சை பயிரிடும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் ஏன் இங்கே வந்து நின்றார் என்பது புரிந்துவிட்டது.

அவர் ஜான் ஜாக் டூஃபூர். சுவிட்சர்லாந்தின் வோ பகுதிக்காரர். அமெரிக்க விடுதலைப் போருக்கு உதவ வந்த பிரெஞ்சுப் படையினர் இந்த நாட்டில் ஒயின் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டதைச் சிறுவயதில் செய்தித்தாளில் படித்தாராம். அங்கே போய்த் திராட்சை வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்துவிட்டது என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். இடது கை ஊனமுற்றவர். 1796-ல் கப்பல் ஏறி வந்து, இருக்கிற திராட்சைத் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். முக்கால்வாசி பட்டுப்போய்க் கிடந்தன.

அப்புறம் கென்டக்கியில் பணக்காரர்களைப் பங்குதாரர்களாகச் சேர்த்து ஒரு சங்கம் அமைத்து, 35 வகைகளில் 10,000 கொடிகள் வாங்கி, கென்டக்கி ஆற்று வளைவில் நட்டார். முதல் இரண்டு வருஷம் எல்லாம் தழைத்தது. அதை நம்பி அவருடைய தம்பி தங்கைகளும் உறவினர்களும் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுமாக 1801-ல் வந்து இறங்கினார்கள். அதற்குள் நோய் விழுந்துவிட்டது. ஐரோப்பியக் கொடிகளுக்கு இந்த நாட்டுப் பூஞ்சையையும் வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சியையும் தாங்கும் சக்தி கிடையாது. அந்தக் காலத்தில் காரணம் யாருக்கும் தெரியாது. செடி வாடுவது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

தப்பித்தது இரண்டே வகைதான். அதில் முக்கியமானது கேப் என்று பேர் போட்டு விற்கப்பட்ட திராட்சை. தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து வந்தது என்று சொல்லி விற்றார்கள். உண்மையில் அது பிலடெல்பியா பக்கம் கிடைத்த அலெக்சாண்டர் என்ற ரகம். அமெரிக்கக் காட்டுக்கொடி தற்செயலாக ஐரோப்பியக் கொடியோடு கலந்து பிறந்தது. அந்தக் காட்டு ரத்தம்தான் அதைக் காப்பாற்றியது.

அந்தக் கொடியை எடுத்துக்கொண்டு ஒஹாயோ ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். கையில் பணம் இல்லை. 1802-ல் அமெரிக்க நாடாளுமன்றம் டூஃபூருக்காகவே தனிச் சட்டம் போட்டு, சுமார் 2,500 ஏக்கரை ஏக்கர் 2 டாலர் விலையில், 12 வருஷக் கடனுக்குக் கொடுத்தது. ஜெஃபர்சன் ஜனாதிபதியாக இருந்த காலம். நியூ சுவிட்சர்லாந்து என்று பேர் வைத்துக் காடு வெட்டினார்கள். 1810-ல் 2,400 காலன் ஒயின், 1820-ல் 12,000 காலன். அமெரிக்காவில் வியாபார அளவில் ஒயின் செய்து முதலில் காட்டியவர்கள் இவர்கள்தான்.

அந்த நல்ல வருஷங்களில் டூஃபூர் இங்கே இல்லை என்பதுதான் எனக்கு மனசை என்னவோ செய்தது. 1806-ல் கடன் விவகாரங்களைத் தீர்க்க ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். கப்பலைப் பிரிட்டிஷார் பிடித்துவிட்டார்கள். பிறகு போர். பத்து வருஷத்துக்கு மேல் திரும்ப முடியவில்லை. 1813-ல் இந்த ஊருக்குத் தெரு அளந்து போட்டது அவருடைய தம்பிகள். அவர் வந்து சேர்ந்தபோது ஊர் எழும்பி நின்றது, ஒயின் விலை சரியத் தொடங்கியிருந்தது. 1826-ல் தன் அனுபவத்தையெல்லாம் திராட்சை வளர்ப்போருக்கான கையேடாக அச்சிட்டார். மறுவருஷம் இறந்துவிட்டார். அவர் போன சில வருஷங்களில் தோட்டங்களும் போய்விட்டன.

ஊரில் பழைய பிரெஸ்பிட்டேரியன் தேவாலயக் கட்டடம்தான் இப்போது வரலாற்று அருங்காட்சியகம். அங்கே ஒரு பியானோ இருக்கிறது. லண்டனில் கிளமென்டி நிறுவனம் செய்தது. இப்போதைய பியானோவைப் போல கனத்த உடம்பு இல்லை, மெலிந்த கால்கள். மேரி ரைட் என்ற ஆங்கிலேயப் பெண் 1817 வாக்கில் குடும்பத்தோடு வந்தபோது கொண்டுவந்தது. அங்கிருந்த தன்னார்வலர் அம்மாள் சொன்ன கதை இது: வீடு என்றால் மரக்கட்டைக் குடிசை. மேரி மாடியறையில் இருப்பார். வாரத்தில் ஒரு நாள் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்வார்கள். அவர் இங்கிலாந்து அரசவைக்குப் போட்ட உடையோடும் நகையோடும் ஏணியில் இறங்கி வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வாசிப்பார். முடிந்ததும் ஏணியில் ஏறிப் போய்விடுவார். உடை வருஷா வருஷம் நைந்துகொண்டே வந்ததாம், பாட்டு நிற்கவில்லையாம். இதைச் சொல்லும்போது அந்த அம்மாள் பியானோவின் ஓரத்தைத் தொடாமல், விரலை ஒரு அங்குலம் தள்ளியே வைத்திருந்தார்.

இந்தியானாக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தை வைத்து நாவல் எழுதிப் பேர் வாங்கிய எட்வர்ட் எகிள்ஸ்டன் 1837-ல் பிறந்ததும் இந்த ஊரில்தான். அந்த வீட்டை வெளியிலிருந்து பார்த்தோம்.

லூயிவில்லில் இருந்து:

நல்ல விஷயம் தொடங்கினீர்கள். நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசியில், சுவிஸ் ஒயின் திருவிழாவுக்கு. ஆற்றங்கரைப் பூங்கா முழுக்கக் கூட்டம். பீப்பாயில் திராட்சையைக் கொட்டி, அதில் ஏறி மிதிக்கும் போட்டி இருக்கிறது. ஒருவர் மிதிக்க, இன்னொருவர் கீழே குழாய் வாயில் கைவைத்துத் தோல் அடைக்காமல் சாற்றை வழித்து விடுவார். குறித்த நேரத்தில் எவ்வளவு சாறு வந்தது என்று அளக்கிறார்கள். கல்லைத் தலைக்குமேல் தூக்கி எறியும் சுவிஸ் விளையாட்டும் உண்டு. உள்ளூர்ப் பையன்கள் அதற்குத் தயார் செய்துகொண்டே வருகிறார்கள்.

எனக்கு அதைவிட மனசில் நின்றது ஆறுதான். கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எதிர்க்கரையில் கென்டக்கியின் கென்ட் ஊர். அதன் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் இங்கிருந்தே தெரியும். சின்ன வயதில் படகில் காரை ஏற்றி அக்கரைக்குப் போவோம் என்றார். ஆற்றின் மேற்பக்கம் மார்க்லேண்ட் அணை 1960-களில் வந்தது, அதன்மேல் பாலம் வந்த பிறகு படகு நின்றுவிட்டது. பாலம் வசதிதான், ஆனால் படகில் போனால் எதிர்க்கரை ஆட்களைப் பெயர் சொல்லித் தெரியும் என்று சொன்னார்.

இன்னொன்றையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். 1868 டிசம்பர் 4-ம் தேதி இரவு, எங்கள் லூயிவில்லுக்கும் சின்சினாட்டிக்கும் ஓடிய இரண்டு பெரிய நீராவிக் கப்பல்கள் இந்தப் பகுதியில் மோதிக்கொண்டன. ஒன்று 'யுனைடெட் ஸ்டேட்ஸ்', மற்றது 'அமெரிக்கா'. எந்தப் பக்கம் விலகுவது என்று ஊதிய விசில் ஒழுங்காகப் புரிந்துகொள்ளப்படவில்லை. ஒன்றில் எண்ணெய்ப் பீப்பாய்கள் இருந்தன. உடைந்து, ஆற்றின்மேல் தீ பரவியது. நிறையப் பேர் செத்தார்கள். கரையிலிருந்த பண்ணை வீடுகள்தான் தப்பியவர்களுக்குக் கதவு திறந்தன. அந்த இடத்தை இப்போது காரில் தாண்டிப் போகும்போது ஒன்றுமே தெரியாது.

கொலம்பஸ், இந்தியானாவில் இருந்து:

எல்லோரும் ஒயினையே சொல்கிறீர்கள். திராட்சை போன பிறகு இந்த ஊருக்குச் சோறு போட்டது வைக்கோல். சரியாகச் சொன்னால், காய்ந்த தீவனப்புல். அதையும் எழுதாமல் விடக்கூடாது.

தெற்கே நகரங்களிலும் பருத்திப் பண்ணைகளிலும் குதிரை, கோவேறு கழுதைகளுக்குத் தீவனம் வேண்டும். இந்த மேட்டு நிலத்தில் புல் நன்றாக வரும். ஆனால் உதிரியாக ஏற்றினால் படகு நிறைந்துவிடும், எடை இருக்காது. இந்த மாவட்டத்துக்காரரான சாமுவேல் ஹியூவிட் 1843-ல் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: புல்லை இறுக்கிக் கட்டாக்கும் அழுத்தி இயந்திரம். ஊருக்கு மேற்கே, தீபோ என்ற சுவிஸ் குடும்பத்தின் பழைய பண்ணை வளாகத்தில் அந்த மாதிரி அழுத்தி ஒன்றைப் பார்க்கலாம். நான் இயந்திரத் துறையில் வேலை செய்கிறவன். அதன் முன்னால் நின்று நகர மனசு வரவில்லை.

களஞ்சியம் மூன்று மாடி உயரம். இயந்திரத்தைச் சுற்றித்தான் கட்டடத்தையே கட்டியிருக்கிறார்கள். நடுவில் கிணறு மாதிரி செங்குத்தாக ஒரு மரப்பெட்டி. கீழ்த்தளத்தில் குதிரையோ மாடோ செக்கைப் போலச் சுற்றி வரும். வடம் சுற்றச் சுற்ற, பெரிய மரப்பாளம் ஒன்று மேலே ஏறும். உச்சியில் கொக்கி விடுபட்டதும் தொம்மென்று புல்லின்மேல் விழும். திரும்பப் புல்லைக் கொட்டுவார்கள், திரும்ப அடி. கடைசியாக ஒரு பெரிய அழுத்து கொடுத்துக் கட்டிவிட்டால் 300 பவுண்டுக்கு மேல் ஒரு கட்டு. இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது, உருட்டித்தான் படகுத்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். மரமூட்டுகளில் கை வைத்துப் பார்த்தேன். முளையடித்துச் சேர்த்தது, ஆணி மிகக் குறைவு. விட்டத்தில் வடம் உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்கிறது.

அந்த வியாபாரத்தில் கொடிகட்டிப் பறந்தவர் யுலிசிஸ் ஷெங்க். சுவிட்சர்லாந்தில் பிறந்து வந்தவர். வைக்கோல் ராஜா என்றே பேர். கோபுரம் வைத்து, குன்றின்மேல் ஊரைப் பார்த்தபடி நிற்கும் மாளிகை அவருடைய மகன் கட்டியது. ஊருக்கு வருகிறவர்கள் அந்த மாளிகையைப் படம் எடுக்கிறார்கள். அதற்குக் காசு கொடுத்த களஞ்சியத்தையும் ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

அதே பக்கம் 'மியூசே த வெனோஜ்' என்று ஆரம்பக் குடியேறிகளின் சின்ன வீடு ஒன்றைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் நீளத் தாழ்வாரம், உள்ளே பெரிய கணப்படுப்பு. பக்கத்து ஓடைக்கு வெனோஜ் என்று பேர் வைத்தவர்கள் சுவிஸ்காரர்கள்தான். அவர்கள் ஊர் ஆற்றின் பெயராம்.

சுவிட்சர்லாந்தில் இருந்து:

வணக்கம். நான் யாழ்ப்பாணம். கனகாலமாக வோ மாநிலத்தில் இருக்கிறேன். வெனோஜ் என்ற பெயரைப் பார்த்ததும் எழுத வேண்டும் போல இருந்தது. அந்த ஆறு லொசானுக்கு மேற்கே ஏரியில் விழுகிறது. பெரிய ஆறு இல்லை. அதை நினைத்துக்கொண்டு கடல் கடந்து போய் ஒரு ஓடைக்குப் பெயர் வைத்த ஆட்களின் மனம் எங்களுக்கு விளங்கும். எங்கட சனமும் கடை, சங்கம் எல்லாத்துக்கும் ஊர்ப் பெயர்தானே வைத்திருக்கிறது.

டூஃபூர் குடும்பத்தின் ஊர்ப்பக்கம் வெவேக்கும் மோந்த்ரோவுக்கும் இடையில். வெவேயிலிருந்து லொசான் பக்கம் ரயிலில் போனால் ஜன்னல் முழுக்க லாவோ தோட்டங்கள்தான். கல் மதில் கட்டிப் படி படியாக இறக்கிய சரிவுகள். துறவிகள் 12-ம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை என்று சொல்வார்கள். 2007-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஷாசெலா என்ற வெள்ளைத் திராட்சைதான் அதிகம்.

அறுவடைக்கு ஆள் குறைந்த ஒரு வருஷம் நான் தெரிந்த தோட்டக்காரரிடம் போய் நின்றேன். கத்தரியால் காம்பை வெட்டி, அழுகின பழத்தைக் கையால் தட்டிவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேணும். முதுகு விட்டுப்போகும். இடைவேளையில் தோட்டக்காரர் மதிலில் என் கையை வைக்கச் சொன்னார். வெயில் இறங்கியும் கல் சுட்டது. எங்களுக்கு மூன்று சூரியன், வானத்தில் ஒன்று, ஏரித் தண்ணியில் ஒன்று, இந்த மதிலில் ஒன்று என்று இங்கத்தைய ஆட்கள் சொல்வது வழக்கம். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த மனிசன், ஒஹாயோவின் புழுக்கமான கோடையில் சாம்பல் நோயும் கருப்பழுகலும் கொடியைத் தின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

வெவேயில் திராட்சைத் தோட்டக்காரருக்குப் பெரிய விழா நடக்கும். தலைமுறைக்கு ஒருக்கால்தான். 1999-க்குப் பிறகு 2019-ல் நடந்தது. நகரச் சதுக்கத்தில் அரங்கு கட்டி, ஆயிரக்கணக்கான உள்ளூர்ச் சனமே வேடம் போட்டு ஆடும். உங்கட வீவியில் வருஷா வருஷம் நடக்கிறது என்று அறிந்து சந்தோஷம்.

சின்சினாட்டியில் இருந்து:

எல்லோருக்கும் நன்றி. வைக்கோல் அழுத்தியை நாங்கள் பார்க்கவில்லை, அடுத்த முறை அங்கேதான் முதலில் போவோம். போகிறவர்களுக்கு: சின்ன அருங்காட்சியகங்கள் தன்னார்வலர்களால் நடக்கிறவை, கிளம்பும் முன் போன் செய்து கேட்டுவிடுங்கள். பெர்ரே டூஃபூர் என்று அந்தக் குடும்பத்துக்காரரே ஊர் வரலாறு எழுதி வைத்திருக்கிறார். 1925-ல் இந்தியானா வரலாற்று ஆணையம் அதைப் புத்தகமாக்கியது. பழைய குடும்பங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அதைப் படித்துவிட்டுப் போனால் கல்லறைத் தோட்டத்துப் பெயர்கள்கூடப் பழக்கப்பட்டதாக இருக்கும். கென்டக்கியில் டூஃபூர் முதலில் கொடி நட்ட நிக்கலஸ்வில் பக்கம் யாராவது போயிருந்தால், அதையும் இங்கே எழுதுங்கள்.