செலிபிரன்ட் ஆகணும்னா கோர்ஸ் மட்டும் போதுமா?

மெல்பர்ன்_மல்லி:

வணக்கம் மக்களே. ஊர் மதுரை, மெல்பர்ன் வந்து பதினோரு வருஷம் ஆகுது, ஏஜ்டு கேர்ல வாரத்துக்கு மூணு நாள் வேலை. போன மாசம் கூட வேலை பாக்குற பொண்ணு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பார்க்ல ஒரு மரத்தடி, முப்பது பேர் கூட இல்ல, ஒரு அம்மா சின்ன ஸ்பீக்கர வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் பேசினாங்க, ரெண்டு பேரும் எப்படி சந்திச்சாங்கன்னு அவங்க சொன்னப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. நாலு வருஷமா அந்தப் பொண்ணு கூட ஒரே ஷிப்ட்ல இருக்கேன், எனக்கே தெரியாத கதை அது. அன்னைலேர்ந்து, அந்த அம்மா மாதிரி கல்யாணத்த சட்டப்படி நடத்தி வெக்கிற இந்த செலிபிரன்ட் வேலை மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

சர்டிபிகேட் ஃபோர் இன் செலிபிரன்சி முடிச்சுட்டு அட்டர்னி ஜெனரல் டிபார்ட்மென்ட்ல, அதாவது மத்திய அரசோட சட்டத்துறைல, ரிஜிஸ்டர் பண்ணணும்னு தெரியும். அதுக்கு மேல என்ன கத்துக்கணும்னு தான் தெரியல. வீட்டுக்காரர் "ஸ்கூல் ஆண்டுவிழால காம்பியரிங் பண்ணவ தானே, அது போதும்"ங்கிறார். தங்கச்சி என்னடான்னா இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாத்தையும் ஏஐ எழுதிக் குடுத்துரும், நீ பணத்தக் கட்டி ஏமாறாதங்கிறா. இதுல இருக்கிறவங்க யாராச்சும் உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

நாலாவது_சாட்சி:

மல்லி, நான் சிட்னில ஒம்போது வருஷமா பண்றேன், பார்ட் டைம் தான். முதல்ல காசு விஷயத்த சொல்லிடறேன், கோர்ஸ் விக்கிறவங்க சொல்ல மாட்டாங்க. 2023ல ஆஸ்திரேலியா முழுக்க நடந்த கல்யாணம் 1,18,439. அதுல நூத்துக்கு எண்பதுக்கு மேல சிவில் செலிபிரன்ட், அதாவது மதகுரு இல்லாதவங்க, நடத்தினது தான். கேக்க ஜோரா இருக்கும், ஆனா செலிபிரன்ட்டுங்க ஆயிரக்கணக்குல இருக்கோம்மா, பேர் எடுத்தவங்களுக்கு டைரி நிறைய கல்யாணம், மத்தவங்களுக்கு விரல் விட்டு எண்ற அளவு தான். ஏஜ்டு கேர் வேலைய விட்றாதீங்க.

உங்க வீட்டுக்காரர் சொல்ற காம்பியரிங் இந்த வேலைல பத்துல ஒரு பங்கு கூட இல்ல. 1973ல லயனல் மர்பி அட்டர்னி ஜெனரலா இருந்தப்ப தான் இந்த சிவில் செலிபிரன்ட் ஏற்பாடே வந்துச்சு, லோயிஸ் டார்சின்னு ஒரு இளம்பெண்ண முதல்ல நியமிச்சாரு. அதுக்கு முன்னாடி சர்ச் வேண்டாம்னா ரிஜிஸ்ட்ரி ஆபீஸ் தான் கதி. ரொம்ப வருஷம் பயிற்சின்னு ஒண்ணும் கிடையாது, 2003லேர்ந்து தான் கட்டாயம். இப்ப ரிஜிஸ்டர் ஆனப்புறமும் வருஷா வருஷம் ட்ரெய்னிங் உண்டு. ஆனா நம்ம ஆளுங்க கல்யாணத்துல எது காலை வாரும்னு அதுல எதுலயும் சொல்லித்தர மாட்டாங்க, அத நான் சொல்றேன்.

முதல்ல பேப்பர். கல்யாணத்துக்குக் குறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி, கல்யாணம் பண்ணிக்கப் போறோம்னு சொல்ற நோட்டீஸ் ஃபார்ம் செலிபிரன்ட் கைக்கு வந்திருக்கணும், நாங்க 'நோயிம்'னு சொல்லுவோம். என் ரெண்டாவது வருஷத்துல ஒரு கல்யாணம், ஊர்ல பஞ்சாங்கம் பாத்து முகூர்த்தம் குறிச்சாச்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, மாப்ள அப்பா அம்மா விசிட்டர் விசால டிக்கெட் போட்டாச்சு, நோயிம் மட்டும் மூணு நாள் லேட்டு. நான் தான் முதல் சந்திப்புலயே தேதி பாத்து கையெழுத்து வாங்கியிருக்கணும், பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன். அப்புறம் ஓடிப்போய் காலத்தைக் குறைச்சுத் தரச் சொல்லி மனு, அதுக்கு சட்டத்துல அஞ்சே அஞ்சு காரணம் தான் ஏத்துக்குவாங்க. கெடச்சுச்சு. ஆனா அந்த ஒரு வாரம் எனக்குத் தூக்கம் இல்ல, அந்தப் பையனோட அம்மா போன்ல கேட்ட கேள்வி இன்னும் காதுல இருக்கு.

அடுத்தது பேர். பாஸ்போர்ட்ல ஒரே ஒரு பேர், சர்நேம் கட்டம் காலி, இல்லன்னா அப்பா பேரு சர்நேமா நிக்கும். இது தெரியாத செலிபிரன்ட் ரெண்டையும் மாத்திப் போட்டுட்டா பார்ட்னர் விசா அப்ளை பண்றப்ப பேர் ஒத்துப்போகாம உக்காந்து அழணும். ஒரு பொண்ணு புருஷனோட சர்நேம எடுத்துக்கிறேன்னு ஆசையா எழுதிக் குடுத்துச்சு, அது மாமனார் பேரும்மா, யோசிச்சியான்னு கேட்டேன், சிரிச்சுட்டு வேண்டாம் அங்கிள்னு அடிச்சுடுச்சு.

அப்புறம் மேளம். தாலி கட்டுறதுக்கு முன்னாடி நாங்க சட்ட வாசகத்த சத்தமா சொல்லணும், பொண்ணும் மாப்ளயும் அவங்க வாசகத்த ரெண்டு சாட்சி காதுல விழற மாதிரி சொல்லணும். ஐயர் 'கெட்டிமேளம்'னு விரலை ஆட்டிட்டா அந்த சத்தத்துல நீங்க என்ன சொன்னாலும் யாருக்கும் கேக்காது. அதனால காலைல போனதும் முதல்ல ஐயரப் பாத்து எனக்கு எந்த இடத்துல எட்டு நிமிஷம்னு பேசிப்பேன், அப்புறம் நேரா தவில்காரர்கிட்ட போய் நிப்பேன். கையெழுத்து போடறப்ப ஒரு ஈரத்துணி கண்டிப்பா வெச்சுக்கோங்க. ஒரு தடவ மஞ்சளும் நெய்யுமா இருந்த கட்டைவிரல் அப்படியே சர்டிபிகேட் மேல பதிஞ்சுடுச்சு, அது நம்பர் போட்ட பேப்பர், ஒவ்வொண்ணுக்கும் கணக்கு வெக்கணும்.

கடைசியா ஒண்ணு, இது தான் இனிமே ரொம்ப முக்கியம்னு நான் நினைக்கிறேன். 2024 ஜூன்லேர்ந்து பொண்ணையும் மாப்ளயையும் தனித்தனியா நேர்ல பாத்து, சம்மதத்தோட தான் கல்யாணமான்னு நாம உறுதி பண்ணிக்கணும்னு சட்டமே வந்தாச்சு. கட்டாயக் கல்யாணம் இங்க 2013லேர்ந்து குற்றம். ஒரு வீட்ல பொண்ணு கூடவே அத்தையும் ரூமுக்குள்ள வந்து உக்காந்துட்டாங்க, "நீங்க வெளில இருங்கம்மா"ன்னு சொன்னதும் மொத்தக் குடும்பமும் என்னை மொறைச்சுது. உனக்கு சம்மதமாம்மான்னு தமிழ்ல கேட்டுட்டு வாய மூடிட்டு இருக்கத் தெரியணும். அந்தப் பொண்ணு ஒரு நிமிஷம் கழிச்சு தான் பேசுச்சு. நல்ல பதில் தான், ஆனா அந்த ஒரு நிமிஷம் நான் குறுக்க பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியாது. எந்த ஆண்டுவிழாலயும் இது வராது.

கோடிங்_கோவாலு:

அண்ணே சூப்பரா சொன்னீங்க, ஆனா தங்கச்சி சொல்றதும் தப்பில்ல. என் ஃப்ரெண்ட் கல்யாணத்துக்கு பெஸ்ட் மேன் ஸ்பீச்ச நான் சாட்ஜிபிடில தான் எழுதினேன், ரெண்டு நிமிஷம், கைதட்டல் அள்ளுச்சு. செலிபிரன்ட்டுக்கு எதுக்கு ஆயிரம் டாலர்?

நாலாவது_சாட்சி:

கோவாலு, போன வருஷம் மூணு ஜோடி தாங்களே எழுதினதுன்னு வாசகம் அனுப்பினாங்க, மூணுலயும் 'நீ என் கலங்கரை விளக்கம்'. சரி அது போகட்டும். மூணாவதுல சட்டப்படி சொல்ல வேண்டிய வரியே மாறிப்போச்சு. இங்க இருக்கிறவங்கள சாட்சியா வெச்சு இன்னாரை சட்டப்படி கணவனா, மனைவியா ஏத்துக்கிறேன்ங்கிற பொருள்ல ஒரு வாசகம் இருக்கு, அதுல 'சட்டப்படி'ய மிஷின் நைசா தூக்கிட்டு 'ஆத்மார்த்தமா'ன்னு போட்டுருக்கு. கேக்க அழகு. நான் கவனிக்காம விட்டிருந்தா பிரச்சனை என் தலைல. எழுதுறதுக்கு நானும் அத யூஸ் பண்றேன், பொய் சொல்லல, ஆனா எத எழுதணும்னு தெரிய மூணு மணி நேரம் அந்த ஜோடி கூட உக்காரணும்ல.

வடமராட்சி_அக்கா:

மல்லி, நான் கலியாணம் செய்யிறேல்ல, செத்தவீடு மட்டும் தான். இங்க அதுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் ஒண்டும் தேவையில்லை, ஆரும் செய்யலாம், அது தான் பயமும். எங்கட ஆக்களில 83 கலவரத்துக்குப் பிறகு இலங்கையில இருந்து வந்தவைக்கு இப்ப எழுபது எண்பது வயசு, இனி வாற வருசங்களில இந்த வேலை தான் கூடப்போகுது. பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் விளங்காது, ஐயர் ஏன் சுண்ணம் இடிப்பிக்கிறார், அப்பாவின்ர வாயில ஏன் அரிசி போடுறம் எண்டு அதுகளுக்கு ஒண்டும் தெரியாமல் பயந்து நிக்குங்கள். நான் பக்கத்தில நிண்டு ஒவ்வொண்டையும் ரெண்டு வசனத்தில இங்கிலிஷில சொல்லுவன். சப்பலில தாறது ஒரு மணித்தியாலம், அதுக்குள்ள தேவாரமும் வேணும், மகளின்ர பேச்சும் வேணும், மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் ஆர் முன்னுக்கு எண்ட சண்டையும் நடக்கும்.

கோர்ஸில கேள்வி கேக்கப் பழக்குவினம், ஆனால் எங்கட சனம் கேள்விக்குப் பதில் சொல்லாது. ஒரு வீட்டில 'அப்பா எப்பிடி?' எண்டு கேக்க 'நல்லவர்' எண்டதோட மகள் நிப்பாட்டிப்போட்டா. பிறகு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, அப்பாவின்ர ஷெட்டை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேட்டன். அங்க ஜாம் போத்தில் இருபது முப்பது, ஒவ்வொண்டிலயும் அளவு பாத்துப் பிரிச்ச ஆணி, மேல தமிழில எழுதி ஒட்டின கடதாசி. ஒண்டில 'உதவாது, எறியாதே' எண்டு கிடந்தது. மகள் அதைப் பாத்துச் சிரிச்சா, பிறகு அழுதா, பிறகு ஒண்டரை மணித்தியாலம் கதைச்சா. அந்தப் போத்திலைத் தான் பெட்டிக்குப் பக்கத்தில வைச்சம்.

மற்றது கமரா. 2020ல செத்தவீட்டுக்குப் பத்துப் பேர் தான் எண்ட நேரம் பழகினது, இப்பவும் விடேல்ல. யாழ்ப்பாணம், லண்டன், டொராண்டோ எல்லா இடமும் லைவ் பாப்பினம். கமராவைப் பாத்து 'கரவெட்டியில இருக்கிற தங்கச்சி' எண்டு முறையைச் சொல்லிக் கதைக்கோணும், இல்லாட்டி அவை டிவி பாக்கிற மாதிரித் தான். பிறகு உன்னையும் பாத்துக்கொள்ளோணும் பிள்ளை. நான் ஒருக்கா மூண்டு கிழமையில நாலு செத்தவீடு செய்துபோட்டு ஒரு மாசம் ஃபோனை எடுக்கேல்ல.

தஞ்சாவூரான்:

எங்க ஊர் பக்கம் இதுக்கெல்லாம் லைசென்சே கிடையாதுங்க. சுயமரியாதைக் கல்யாணத்துக்கு 1967ல அண்ணா ஆட்சில இந்து திருமணச் சட்டத்துல கொண்டு வந்த 7ஏ பிரிவு இருக்கு, சொந்தக்காரங்க நண்பர்கள் முன்னாடி மாலை மாத்துனா, மோதிரம் போட்டா, தாலி கட்டுனா போதும், புரோகிதர் வேண்டாம். 2023ல சுப்ரீம் கோர்ட்டும் பெரிய கூட்டமா அறிவிச்சு நடத்தணும்னு இல்லன்னு சொல்லிடுச்சு. 2009 சட்டப்படி பதிவு மட்டும் கட்டாயம், 90 நாளுக்குள்ள அபராதம் இல்லாம பண்ணிரலாம். ஆனா தலைமை தாங்க வர்றவருக்கு ட்ரெய்னிங் குடுக்க ஆள் இல்லையே! என் கல்யாணத்துல தலைமையுரை அம்பது நிமிஷம், அதுல நாப்பது நிமிஷம் தொகுதி நிலவரம், என் பேரையும் தப்பா சொன்னாரு, சாம்பார் ஆறிப்போச்சு. மல்லி அக்கா கோர்ஸ் முடிச்சுட்டு இங்க ஒரு கிளாஸ் எடுங்க.

ஒரு டவுட்டு, ஆஸ்திரேலியால செலிபிரன்ட்ட வெச்சு சுயமரியாதை முறைல பண்ணலாமா?

நாலாவது_சாட்சி:

தாராளமா. சட்ட வாசகம், சாட்சி, கையெழுத்து இருந்தா மிச்சத்த எப்படி வேணா வெச்சுக்கலாம். முழுசா தமிழ்ல கூட நடத்தலாம். செலிபிரன்ட்டுக்குத் தமிழ் தெரியாம, பொண்ணுக்கோ மாப்ளைக்கோ இங்கிலீஷ் புரியலன்னா தான் மொழிபெயர்ப்பாளர் வெக்கணும், அவர் முன்னாடி ஒரு உறுதிமொழிப் பத்திரம், பின்னாடி ஒரு சர்டிபிகேட் குடுக்கணும்.

மெல்பர்ன்_மல்லி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி ஷிப்ட் பிரேக்ல படிச்சேன், அந்த ஆணி போத்தல் கதைய இங்க ஒரு தாத்தாகிட்ட சொன்னேன், அவர் தன்னோட டூல் பாக்ஸ் பத்தி முக்கால் மணி நேரம் பேசிட்டாரு, எனக்கு சூப்பர்வைசர்கிட்ட திட்டு. கோர்ஸ் சேரலாம்னு தான் இருக்கேன். ஆனா கல்யாணத்துக்கு முன்னாடி செத்தவீடு பழகலாமோன்னு தோணுது. அக்கா நீங்க மெல்பர்னா?

வடமராட்சி_அக்கா:

ஓம், ஸ்பிரிங்வேல் பக்கம். வியாழன் பின்னேரம் ஒரு வீட்டுக்குக் கதைக்கப் போறன். உன்னைக் கூட்டிக்கொண்டு வரலாமோ எண்டு அவையிட்டக் கேட்டுப்போட்டு சொல்லுறன். ஓம் எண்டால் வா, ஆனால் நீ வாயே திறக்கப்படாது. கொப்பியும் கொண்டு வராதை.