ஆட்டுக்குட்டி துள்றதை எடுத்தா பொம்மை மாதிரி வருது, எங்க தப்பு பண்றேன்?

ஓமலூர்க்காரன்:
வணக்கம் மக்களே. ஓமலூர் பக்கம் எங்க மாமா வீட்ல மேச்சேரி ஆடு ஒரு முப்பது உருப்படி இருக்கு. சாயங்காலம் தாயாடுங்க மேய்ஞ்சிட்டு வந்ததும் பட்டியில அடைச்சு வெச்சிருக்கற குட்டிங்களைத் தொறந்து விடுவாங்க, பால் குடிச்சிட்டு ஒரு கால் மணி நேரம் அதுங்க போடற ஆட்டம் இருக்கே, நாலு காலும் ஒண்ணா மேல போயி அந்தரத்துலயே உடம்பை ஒரு வெட்டு வெட்டி இறங்கும், அதை எடுக்கணும்னு மூணு வாரமா மல்லுக்கட்டிட்டு இருக்கேன். கேமரா கேனான் 1500டி, 55-250 லென்ஸ், ஷட்டர் வேகம் 1/2000 நொடி, பர்ஸ்ட்ல (அமுக்கிட்டே இருந்தா அடுத்தடுத்து படம் எடுக்கற மோடு) போட்டு அமுக்கறேன். ஒண்ணு குட்டி தரையில நிக்குது, இல்லைன்னா தலை மட்டும் இருக்கு பின்னங்கால் ஃப்ரேமுக்கு வெளிய. தப்பித்தவறி மாட்டின ரெண்டு மூணும் அய்யனார் கோயில் மண்குதிரை கணக்கா விறைச்சுக் கெடக்கு. மாமா பாத்துட்டு "குட்டிக்கு இழுப்பு வந்துடுச்சா"ங்கறாரு. பெரிய கேமரா வாங்கணுமா, எனக்குத்தான் கை வரலையா?

இருபதாவது வளைவு:
கேமராவுக்கு காசை விடாதீங்க. பர்ஸ்ட்டை நம்பறதை மொதல்ல விடுங்க, 1500டி நொடிக்கு 3 படம்தான் எடுக்கும். குட்டி ஒரு அடி எழும்பி தரைக்கு வர அரை நொடிதான், அதுக்குள்ள ஒரு படம், அதிர்ஷ்டம் இருந்தா ரெண்டு, அதுவும் எந்த இடத்துல விழும்னு சாமிக்குத்தான் வெளிச்சம். ஒத்தை கிளிக்கா உச்சிக்குக் குறி வைங்க. மேல போற வேகம் தீந்து கீழ வர்ற வேகம் ஆரம்பிக்காத எடம் அது, 1/800 கூட போதும். 1/2000க்காக ஐஎஸ்ஓவை (சென்சாரோட வெளிச்ச உணர்திறன்) ஏத்தி, படம் புள்ளி புள்ளியாகி ஆட்டு முடியைக் கஞ்சி ஆக்க வேண்டாம். ஃபோகஸுக்கு ஏஐ சர்வோ (நகர்றதை விடாம தொரத்தற மோடு), அதுல நடுப்புள்ளி மட்டும். அப்புறம் ஜூமை 250ல இழுக்காதீங்க, 100 கிட்ட வெச்சு சுத்தி எடம் விட்டு எடுத்து பின்னால வெட்டிக்கங்க, 24 மெகாபிக்சல் எதுக்கு இருக்கு.

பட்டிக்காரர் மகன்:
நான் போட்டோகிராபர் இல்லீங்ணா, ஆடு மேச்ச குடும்பம். குட்டி சொல்லிட்டுத்தான் துள்ளும். ஓடிட்டே இருக்கறது டக்குனு நிக்கும், தலையை லேசா தாழ்த்தும், பின்தொடை உள்ள மடங்கும், அப்ப அமுக்கணும். துள்ளினதைப் பாத்துட்டு அமுக்கினா விரல் போறதுக்குள்ள அது எறங்கியே போயிடும். ஒண்ணு துள்ளினா பக்கத்துல இருக்கறதுக்கும் தொத்திக்கும், அதனால மொத குட்டியை விட்டுட்டு அடுத்த குட்டி மேல கேமராவை வைங்க. பட்டிக்குப் பக்கத்துல மண்ணு மேடோ எருக்குழி வரப்போ இருந்தா எல்லாம் அதுமேல ஏறிக் குதிக்கத்தான் வரிசையா போகும், அங்கயே உக்காந்துக்கலாம். கைதட்டி மட்டும் வெரட்டாதீங்க, பால் குடிச்ச வயிறு. பயந்து ஓடற குட்டி காதைப் பின்னால ஒட்டிக்கும், படத்துலயும் அது தெரியும்.

சேலத்து லென்ஸ்:
பட்டிக்காரர் சொன்னதுக்கு ஒரு கும்பிடு. ஆனா விறைப்புக்கு ஷட்டர் மேல மட்டும் பழி போட முடியாது. 1878ல மைபிரிட்ஜ்னு ஒரு போட்டோகிராபர் 12 கேமராவை வரிசையா வெச்சு ஓடற குதிரையை எடுத்தாரே, அப்பதான் நாலு குளம்பும் தரையை விடறது காலை வயித்துக்கடியில கூட்டிக்கிற நேரத்துலன்னு ஊருக்கே தெரிஞ்சுது, அதுவரைக்கும் ஓவியருங்க முன்னங்காலை முன்னாடியும் பின்னங்காலை பின்னாடியும் நீட்டி பறக்க விட்டுட்டு இருந்தாங்க. அவங்க வரைஞ்சது பொய், ஆனா கண்ணுக்கு ஓடுச்சு. அதனால எந்த நொடியை எடுக்கறோம்னு பாக்கணும், தலை ஒரு பக்கம் திரும்பி இடுப்பு இன்னொரு பக்கம் போற நொடிதான் எனக்குப் பிடிக்கும்.

இன்னொண்ணு, நீங்க நின்னுக்கிட்டு எடுக்கறீங்கன்னு நெனைக்கிறேன். மேல இருந்து பாத்தா குளம்புக்கும் தரைக்கும் நடுவுல இருக்கற சந்து தெரியாது, சந்து தெரியலைன்னா துள்ளலே இல்ல, படுங்க. சேர்வராயன் மலை பின்னாடி வரணும்னு கிழக்க பாத்து எடுத்திருப்பீங்க, ஓமலூர்க்காரங்க எல்லாருக்கும் அந்த ஆசை உண்டு, ஆனா சாயங்கால வெயில் உங்க முதுகுல இருந்து வந்து குட்டியைத் தட்டையாக்கிடும். மேற்க திரும்புங்க. புழுதி பத்திக்கும், காது ரெண்டும் செவப்பா எரியும். மூஞ்சி கருத்துச்சுன்னா வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் (ரெண்டு மடங்கு) ஏத்திக்கங்க. ஓடறதுக்கு 1/60 வெச்சு பேனிங்கும் (குட்டி ஓடற பக்கமே கேமராவையும் கூடவே திருப்பி எடுக்கறது) பண்ணிப் பாருங்க, இடுப்போட திரும்பணும், கிளிக் பண்ணதும் கையை நிறுத்தக் கூடாது. அம்பதுல ரெண்டு தேறும், கோவப்படாதீங்க.

ஓமலூர்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து எருக்குழி மேட்டுக்குக் கீழ குப்புறப் படுத்துட்டேன், சட்டையெல்லாம் புழுக்கை, ஒரு குட்டி முதுகு மேலயே ஏறிக் குதிச்சிட்டுப் போச்சு. மொத்தம் 140 படம், பேனிங் எல்லாம் கோவிந்தா, எல்லாத்துலயும் வெறும் காவி கோடு. தலை தாழ்த்தறப்ப அமுக்கறது பழக நேரமாச்சு, மொத ஒரு மணி... இல்ல அவ்வளவு நேரம் எங்க ஆடுது, மொத அம்பது படம் வீண். அப்புறம் ஒண்ணு. வயித்துக்கடியில வெளிச்சம் தெரியுது, தலை என்னைப் பாக்குது, பின்னங்கால் ரெண்டும் அந்தப் பக்கம், பின்னால தாயாடு கண்டுக்காம அசைபோட்டுட்டு நிக்குது. பின்னங்குளம்பு கொஞ்சம் கலங்கித்தான் இருக்கு, அது அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

போன்ல மாத்தி மாமாகிட்ட காட்டினேன். "அட, இது நம்ம நெத்திச்சுட்டி குட்டியாச்சே"ன்னாரு. போனைப் புடுங்கிட்டுப் போயி அத்தைகிட்ட காட்டிட்டு இருக்காரு, இன்னும் திருப்பித் தரல, இதை கம்ப்யூட்டர்லதான் அடிக்கறேன்.