மறு: நவம்பர் 9 – விதிநாளா, ஊழ்நாளா?

அன்பு நண்பர்களுக்கு,

நவம்பர் 9-ஐ ஜெர்மானியர்கள் 'ஷிக்ஸால்ஸ்டாக்' என்கிறார்கள், அதாவது நாட்டின் தலைவிதியோடு பிணைந்த நாள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற நம் கேள்விக்கு இதுவரை வந்தவை மூன்று சொற்கள்: திருப்புமுனை நாள், தலையெழுத்து நாள், விதிநாள்.

'திருப்புமுனை நாள்' ஒரே ஒரு நிகழ்வுக்குத்தான் பொருந்தும். வெவ்வேறு ஆண்டுகளில் அதே தேதி திரும்பத் திரும்ப வருவது அதில் அடங்கவில்லை. 'தலையெழுத்து' பேச்சுக்கு நன்றாக இருக்கிறது, கட்டுரைக்கு ஒட்டாது.

'விதிநாள்' தான் என்னை உறுத்துகிறது. விதி என்றால் சட்டவிதியும் இலக்கணவிதியும் நினைவுக்கு வருவது சின்னக் குறை. யாரும் எதுவும் செய்யாமல் தானாக வந்து விடிந்தது போல ஒலிப்பதுதான் பெரிய குறை. நடந்ததைப் பாருங்கள்.

1918 நவம்பர் 9 அன்று ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பதவி விலகியதாக அறிவிப்பு வருகிறது. பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து சமூக ஜனநாயகக் கட்சியின் ஷைடமான் குடியரசை அறிவிக்கிறார். அதை அமைத்தவர்களை 'நவம்பர் குற்றவாளிகள்' என்று வசைபாடிய ஹிட்லர், 1923-ல் குடியரசைக் கவிழ்க்க முனிச்சில் எழுகிறார். முதல் நாள் இரவு மதுக்கூடத்தில் தொடங்கிய அந்தக் கலகம், 9-ஆம் தேதி பேரணியில் துப்பாக்கிச் சூட்டோடு முடிகிறது. ஆட்சிக்கு வந்த பிறகு நாஜிகள் அதை ஆண்டுதோறும் முனிச்சில் நினைவுகூர்ந்தார்கள். 1938-லும் அதற்காகத்தான் தலைவர்கள் அங்கே கூடியிருந்தார்கள். பாரிசில் யூத இளைஞர் ஒருவரால் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி ஃபோம் ராட் இறந்த செய்தி அன்று மாலை வந்தது. அதே கூட்டத்தில் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் யூதர்களுக்கு எதிராகத் தூண்டிப் பேசினார். இரவே யூதர்களின் வழிபாட்டிடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. சுமார் 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டு போகப்பட்டார்கள்.

1938-க்கு 1923 காரணம், 1923-க்கு 1918 காரணம். முன்செய்த வினை பின்னால் வந்து சேர்கிறது. இதைச் சொல்ல நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது: ஊழ். சிலப்பதிகாரம் 'ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்' என்கிறது. அங்கே ஊழும் வினையும் ஒட்டியே நிற்கின்றன. அதனால் என் பரிந்துரை ஊழ்நாள். ஊழியோடு, அதாவது உலகமுடிவோடு, குழம்பாதா என்று கேட்பீர்கள். இகரம் இல்லாமல் எழுதினால் குழப்பம் வராது என்றே நம்புகிறேன்.

சரி, பெர்லின் மதில் திறந்த 1989 எங்கே போகும்? அது இந்தச் சங்கிலியில் இல்லை. புதிய பயண விதிகள் எப்போது நடைமுறைக்கு வரும் என்று செய்தியாளர்கள் கேட்க, கிழக்கு ஜெர்மனியின் ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி தாளைப் புரட்டிவிட்டு 'உடனே' என்றார். உண்மையில் மறுநாள்தான் தொடங்குவதாக இருந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டு மக்கள் எல்லையில் குவிந்தார்கள், இரவே பெர்லினின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைக் கடவு திறந்தது. தேதி பொருந்தியது தற்செயல்.

எனவே நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். காரணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பல ஆண்டுகளின் நிகழ்வுகள் ஒரே தேதியில் சேர்வதற்குப் பொதுவாக நாளிணைவு. அப்படி இணைந்து, ஒரு நாட்டின் நினைவில் கனத்துவிட்ட தேதி ஊழ்நாள். சொல்லிப் பாருங்கள்: 'நவம்பர் 9 ஜெர்மனியின் ஊழ்நாள், 1918-உம் 1989-உம் வெறும் நாளிணைவு.' 'நாட்பொருத்தம்' என்றும் யோசித்தேன், கல்யாணப் பத்துப் பொருத்தம் குறுக்கே வந்துவிட்டது.

இன்னொன்று. 1938 இரவுக்கு 'படிக இரவு' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். தயவு செய்து வேண்டாம். உடைந்த கண்ணாடியை மினுக்கிக் காட்டி, மனிதர்களை மறைக்கும் பெயர் அது. ஜெர்மனியிலேயே இப்போது பலர் அதைத் தவிர்க்கிறார்கள். 'நவம்பர் இனவெறித் தாக்குதல்' என்றே எழுதுவோம். மதில் விழுந்த நாளைத் தேசிய விழாவாக்காமல், இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3-ஐத் தேர்ந்ததற்கும் இந்த இரவின் பாரம் ஒரு காரணம்.

பன்மையில் 'ஊழ்நாள்கள்' என எழுதலாம் என்பது என் கருத்து; 'நாட்கள்' வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்