புதுப்பிப்பு: டங்ஸ்டன் போராட்ட வழக்குகள், வாபஸ் அறிவிப்புக்குப் பிறகு

2025 ஜனவரி 23-ல் ஒன்றிய அரசு மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி பகுதியின் டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை ரத்து செய்தது. அதற்குப் பின், சுரங்கத்தை எதிர்த்துப் போராடிய 11,608 பேர் மீதான வழக்குகள் வாபஸ் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதோடு எல்லாம் முடிந்ததுபோல் முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அது தவறு. மண்ணைக் காக்க நடந்த மக்கள் மீது வழக்கே போட்டிருக்கக் கூடாது. போட்டதைத் தடயமின்றி முடிக்கவாவது வேண்டும்.

அறிவிப்பால் மட்டும் வழக்கு மூடாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகாத வழக்கென்றால், போலீஸ் 'மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது' என்று இறுதி அறிக்கையை மாஜிஸ்திரேட்டிடம் தர வேண்டும். தாக்கலாகியிருந்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 360-வது பிரிவில் (பழைய சி.ஆர்.பி.சி. 321) அரசு வழக்கறிஞர் மனுப்போட்டு, நீதிமன்றம் சம்மதிக்க வேண்டும். ஒன்றிய அரசின் சொத்துக்குச் சேதம் என்று சேர்த்திருந்தால் ஒன்றிய அரசின் அனுமதியும் தேவை. 

முதலில் எஃப்.ஐ.ஆர். எண், ஆண்டு, காவல் நிலையம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். எஃப்.ஐ.ஆரில் நாலைந்து பெயர், பிறகு 'மற்றும் பலர்' என்று இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்: வழக்கு மூடும்வரை அந்தப் 'பலரில்' யார் பெயரையும் சேர்க்கலாம். மூடியதும் நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு நகல் மனு போட்டு வாங்கி வையுங்கள். பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையில் பழைய எஃப்.ஐ.ஆர். எண் தலைகாட்டினால், காட்ட வேண்டியது அந்தத் தாள்தான். செய்தித்தாள் நறுக்கு அங்கே செல்லாது.