இலவச சர்வர் பேனல்: போட்டுப் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மூணுடொமைன்:
சர்வரில் உள்ள தளங்களை உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் மென்பொருள்தான் பேனல். உரிமத்துக்குப் பணம் கட்டி ஓட்டிக்கொண்டிருந்த பேனலை விட்டுவிட்டு, கட்டற்ற பேனல் ஒன்றுக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. நான் தேர்ந்தெடுத்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் கதைகளைச் சொல்லுங்கள்.

ஒரு ஜிபி ரேம் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்). நாலைந்து பேனல்களின் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்து, எது கண்ணுக்கு அழகாக இருந்ததோ அதை நிறுவினேன். இன்ஸ்டாலர் கேட்ட எல்லாவற்றுக்கும் 'ஆம்'. வெப், டிஎன்எஸ், மெயில், ஸ்பாம் வடிகட்டி, வைரஸ் தேடும் கிளாம்ஏவி, கோப்பு ஏற்ற எஃப்டிபி, ஒன்றையும் விடவில்லை. என்னிடம் இருப்பதோ மூன்று தளங்கள். மெயில் வேறொரு சேவையில் ஓடுகிறது!

இரண்டாம் நாள் இரவு மூன்று தளங்களிலும் டேட்டாபேஸ் இணைப்பு இல்லை என்று வந்தது. டேட்டாபேஸ் மென்பொருளான மரியாடிபியை ஸ்டார்ட் செய்தால் எழுந்திருக்கும், அரை மணி நேரத்தில் மறுபடி படுத்துவிடும். மூன்று இரவுகள் அதன் அமைப்புக் கோப்பையே நோண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் கெர்னல் லாக்கைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ரேம் தீர்ந்துபோய், அப்படித் தீர்ந்தால் ஏதாவது ஒரு நிரலை நிறுத்தும் ஓஓஎம் கில்லர் மரியாடிபியைக் கொன்றிருக்கிறது. ரேமைத் தின்றது கிளாம்ஏவி. வைரஸ் சிக்னேச்சர்கள் முழுவதையும் அது நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்ளும். அது ஒன்றுக்கே ஒரு ஜிபிக்கு மேல் வேண்டும். வராத மெயிலுக்குக் காவலுக்கு வந்தவன் வீட்டுக்காரனையே தீர்த்துக்கட்டிய கதை.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஹெஸ்டியா என்ற கட்டற்ற பேனலைப் போட்டேன். மெயில், கிளாம்ஏவி எல்லாம் வேண்டாம் என்று நிறுவும் கட்டளையிலேயே சொல்லிவிடலாம். அதன் பிறகு அந்த ஒரு ஜிபியிலேயே சமர்த்தாக ஓடுகிறது. ஆனால் டெபியன் அல்லது உபுண்டுவில் மட்டும்தான் போட முடியும். வேறு லினக்ஸ் டிஸ்ட்ரோ வைத்திருப்பவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

ராக்கோழி:
ரேமாவது லாக்கில் தெரியும், ப்ரோ. எனக்கு நடந்தது எந்த லாக்கிலும் இல்லை.

ஐஎஸ்பிகான்ஃபிக் என்ற இலவசப் பேனலில் பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிறேன். அந்த வேலைக்கு இலவசத்தில் அதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. ஒருநாள் நள்ளிரவில் ஒரு தளத்துக்கு அவசரமாக ரீடைரக்ட் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்புவது) வேண்டியிருந்தது. பேனலைத் திறக்கச் சோம்பல்பட்டு, நேராக வெப் சர்வரான என்ஜின்எக்ஸின் அமைப்புக் கோப்பில் நாலு வரி எழுதி ரீலோட் செய்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். வேலை செய்தது. மூன்று வாரம் கழித்து, கூட வேலை பார்ப்பவர் அதே தளத்தின் பிஎச்பி பதிப்பைப் பேனலில் மாற்றிச் சேமித்தார். என் நாலு வரி காற்றில் போயிற்று. பழைய முகவரிகள் எல்லாம் 404. ரீடைரக்டைத் தொட்டவர் யாரும் இல்லை, பிறகு எப்படிப் போனது என்று அரை நாள் மண்டையைக் குடைந்துகொண்டோம்.

ஐஎஸ்பிகான்ஃபிக் எல்லாவற்றையும் தன் டேட்டாபேஸில்தான் வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) ஓடி, அங்கே மாறியதை எடுத்து அமைப்புக் கோப்பைப் புதிதாக எழுதும். கையால் எழுதியதை அது மதிக்காது. அதற்கென்று தளத்தின் ஆப்ஷன்ஸ் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கிறது, அங்கே எழுதியிருந்தால் தப்பித்திருக்கும். தவறு என்னுடையதுதான்.

வெப்மின் என்ற பேனலும் அதன் மேல் ஓடும் வர்ச்சுவல்மினும் இதற்கு நேர் எதிர். சர்வரில் இருக்கும் கோப்பையே படித்து, அதையே திருத்தும். கையால் எழுதிய வரி பெரும்பாலும் அப்படியே இருக்கும். எது எந்த மெனுவில் இருக்கிறது என்று பிடிபடத்தான் ஒரு வாரம் ஆகும். 1997-இல் ஆரம்பித்த பெர்ல் மென்பொருள், அதன் வயது திரையிலும் கொஞ்சம் தெரியும். கையும் பேனலும் மாறி மாறி வேலை செய்யும் என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் சரி.

கட்டளைவரி:
மூன்று தளத்துக்குப் பேனலே எதற்கு? என்ஜின்எக்ஸ், எஸ்எஸ்எல் சான்றிதழுக்குச் செர்ட்பாட், ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட். முடிந்தது. சர்வர் எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும் காக்பிட்.

பழையசர்வர்:
தம்பி கட்டளைவரி சொல்வது அவர் வரைக்கும் சரி. அவர் விடுப்பில் போனால் அந்த ஸ்கிரிப்டை யார் படிப்பது? பேனல் என்பது பாதி நமக்கு, பாதி நமக்குப் பிறகு வருகிறவருக்கு.

நான் பார்ப்பது வேறு. பேனல் ரூட் உரிமையோடு, அதாவது சர்வரில் எதையும் செய்யும் முழு அதிகாரத்தோடு, ஓடுகிறது. அதில் ஓட்டை விழுந்தால் மொத்த சர்வரும் போச்சு. 2018-இல் வெஸ்டா என்ற பேனலின் நிறுவும் ஸ்கிரிப்டிலேயே யாரோ கைவைத்து, அட்மின் கடவுச்சொல்லை வெளியே அனுப்பும்படி செய்திருந்தார்கள். ஹெஸ்டியா அந்த வெஸ்டாவிலிருந்து பிரிந்து வந்ததுதான். 2019-இல் வெப்மின். கிட்ஹப்பில் இருந்த மூலநிரல் சுத்தமாக இருந்தது, தொகுப்பைக் கட்டும் சர்வருக்குள் புகுந்து பின்கதவு வைத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. திறமூலம், ஆயிரம் பேர் படிக்கிறார்கள் என்று நாம் நிம்மதியாக இருக்க, படித்த நிரல் ஒன்று, இறக்கிய பொதி வேறொன்று! 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற இன்னொரு பேனல்: லாகின் இல்லாமலே ரூட்டாகக் கட்டளை ஓட்ட முடிந்தது, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரேன்சம்வேர்காரர்கள் புகுந்து விளையாடினார்கள்.

இதற்காகப் பேனலே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பேனலின் போர்ட்டை (அது இணைப்புக்குக் காத்திருக்கும் எண்ணிட்ட வாசல்) வெளியுலகத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். வெப்மின் என்றால் 10000, ஹெஸ்டியா என்றால் 8083, சைபர்பேனல் என்றால் 8090. ஃபயர்வாலில் அடைத்துவிட்டு, எஸ்எஸ்ஹெச் டன்னல் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டும் உள்ளே போகிறேன். தளங்களுக்கு 80-உம் 443-உம் போதும்.

இன்னொன்று. இலவசம் வேறு, திறமூலம் வேறு. சிடபிள்யூபி என்ற பேனல் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் திறமூலம் அல்ல. திட்டம் நின்றுபோனால், வெஸ்டாவைப் பிரித்து ஹெஸ்டியா ஆக்கியது போல அதை எடுத்து நடத்த யாராலும் முடியாது.

ராக்கோழி:
அண்ணே, பேக்கப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூணுடொமைன், உங்கள் பேக்கப் எங்கே விழுகிறது?

மூணுடொமைன்:
பேனல் தினமும் தானாக எடுக்கிறது. பயனருக்கு ஒரு டார் கோப்பு (எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பொதி). எங்கே என்றால்... அதே டிஸ்கில்.

பழையசர்வர்:
அது பேக்கப் இல்லை, நகல். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்து போகும். டிஸ்க் நிறைந்தால் மரியாடிபி மறுபடி படுக்கும், இந்தத் தடவை கிளாம்ஏவியைக் குறை சொல்ல முடியாது. வேறு இடத்துக்கு அனுப்புங்கள். வாடகைக்கு ஒரு சின்ன சர்வர் எடுத்து, இன்றைக்கே ஒரு தடவை பேக்கப்பிலிருந்து ரீஸ்டோர் செய்து பாருங்கள்.

மூணுடொமைன்:
செய்து பார்த்தேன். புது விபிஎஸ், புது ஹெஸ்டியா, டார் கோப்பை ஏற்றி ஒரே கட்டளை. இரண்டு தளங்கள் அப்படியே எழுந்து வந்துவிட்டன, டேட்டாபேஸ் உட்பட. மூன்றாவது வெள்ளைத் திரை. அது பிஎச்பி 7.4-இல் ஓடிக்கொண்டிருந்தது, புது சர்வரில் 8 மட்டும்தான் இருக்கிறது. பழைய சர்வரில் 7.4-ஐச் சேர்த்தது நானேதான், எப்போது, எப்படி என்று எங்கேயும் குறித்து வைக்கவில்லை. இப்போது அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.