தொலைக்காட்சித் தொடர்களில் காட்டப்படும் விமானி அறை எவ்வளவு உண்மை?

கேள்வி:
அண்மையில் பார்த்த ஒரு தொடரில், விமானம் தரையிறங்கும் வேளையில் தலைமை விமானியும் துணை விமானியும் குடும்பத் தகராறு ஒன்றைப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். பணிப்பெண்ணோ கதவைத் தட்டாமலே தேநீருடன் உள்ளே நுழைகிறார். நடைமுறையில் இவற்றுக்கு இடமுண்டா?

பதில் 1:
முதலாவதற்கு விதிப்படி இடமே இல்லை. 1974இல் அமெரிக்காவின் சார்லட் நகருக்கு அருகே ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 212ஆம் விமானம் தரையிறங்க முயன்று நொறுங்கியது. இறங்கிக்கொண்டிருந்தபோது விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பேசிக்கொண்டிருந்தது குரல் பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. இத்தகைய விபத்துகளின் விளைவாக, 1981இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகம், 10,000 அடிக்குக் கீழே பறக்கையிலும் ஓடுபாதை நோக்கி நகர்கையிலும் பணிக்குத் தேவையற்ற பேச்சையும் செயலையும் தடை செய்தது. பிற நாடுகளிலும் இதுவே வழக்கம். தொடர்களுக்கோ அந்தக் கடைசிச் சில நிமிடங்களில்தான் வசனம் தேவைப்படுகிறது!

பதில் 2:
கதவைப் பற்றி நான் சொல்கிறேன். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, பெரிய பயணிகள் விமானங்களில் துப்பாக்கிக் குண்டும் துளைக்காத, உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவு கட்டாயமானது. வெளியே எண்பலகை உண்டு என்பது உண்மையே. ஆனால், தொடர்களில் வருவதுபோல எண்ணை அழுத்தியதும் கதவு திறந்துவிடாது. அவசர எண்ணை அழுத்தினால் உள்ளே ஒலி எழும்; உள்ளிருப்பவர் மறுத்தால் கதவு பூட்டியபடியே இருக்கும். குறிப்பிட்ட நேரம் வரை உள்ளிருந்து பதிலே வராவிட்டால்தான், அதாவது விமானிகள் மயங்கியிருக்கலாம் என்ற நிலையில், அது தானே திறக்கும். 2015 மார்ச் 24 அன்று ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் தலைமை விமானி வெளியே சென்ற நேரத்தில், துணை விமானி இந்தப் பூட்டையே பயன்படுத்தி அவரைத் தடுத்தார். பிறகு விமானத்தை வேண்டுமென்றே மலையில் மோதச் செய்தார்; 150 பேர் இறந்தனர்.

பதில் 3:
இதனுடன் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த விபத்துக்குப் பின், விமானி அறையில் எப்போதும் இருவர் இருக்க வேண்டுமென ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை பரிந்துரைத்தது; 2016இல் அதைத் தளர்த்தி, முடிவை நிறுவனங்களிடமே விட்டது. எனவே, விமானி தனியே இருக்கும் காட்சியைப் பார்த்ததுமே பிழை என்று சொல்லிவிட முடியாது.

கேட்டவர்:
நன்றி. அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். பின்னால் உயரமானி 3,000 அடியைக் காட்டிக்கொண்டிருக்க, துணை விமானி மாமியாரைப் பற்றிக் குறைசொல்லிக்கொண்டிருக்கிறார்.